ஸ்பே ஆற்றில் சால்மனும் ட்ரவுட்டும்: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில், செயற்கை ஈ (பூச்சிபோல் தோன்ற இறகும் நூலும் சுற்றிய முள்) கட்டிய தூண்டிலால் நண்பர்களுடன் சால்மன், ட்ரவுட் என்னும் மீன்களைப் பிடிக்க விரும்புவோர் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கேள்வி: நாங்கள் நால்வர் செப்டம்பரில் ஒரு வாரம் போகிறோம். முதலில் செய்ய வேண்டியது என்ன?

அனுமதி பெறுவதுதான். இங்கிலாந்தில் உள்ளதைப் போன்ற அரசுத் தூண்டில் உரிமம் ஸ்காட்லாந்தில் இல்லை. ஆனால் அங்கே சால்மன் பிடிக்கும் உரிமை, நிலத்திலிருந்து பிரித்து வாங்கவும் விற்கவும் கூடிய தனிச் சொத்து; உரிமையாளரின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் தூண்டில் வீசுவது குற்றமாகும். ஆறு ‘பீட்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் இத்தனை தூண்டில் என்று வரையறுத்தே வாடகைக்கு விடப்படுகிறது. ஸ்பேயில் சால்மன் பருவம் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டம் இடம் தராததால், வார இறுதியை நம்பித் திட்டமிட வேண்டாம்.

கேள்வி: கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் எதையும் உண்பதில்லை என்கிறார்களே, பிறகு ஏன் ஈயைக் கவ்வுகிறது?

உண்பதில்லை என்பது உண்மை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே அது முட்டையிடும் காலம் வரை தாக்குப்பிடிக்கிறது. அது கவ்வுவதற்கு எரிச்சலே காரணம் என்பார் சிலர். குஞ்சாக ஆற்றில் பூச்சி தின்று வளர்ந்த பழக்கத்தின் மிச்சம் என்பார் சிலர். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. எப்படியாயினும், இதனால் நம் வேலை மாறிவிடுகிறது. ட்ரவுட் பசியோடு மேய்வது. அன்று நீரிலிருந்து எந்தப் பூச்சி எழும்புகிறதோ, அதன் அளவிலும் நிறத்திலும் ஈ இருந்தால்தான் மதிக்கும். சால்மனுக்கு அந்த ஒப்பனை தேவையில்லை. ஈ எந்த ஆழத்தில், எவ்வளவு வேகத்தில் அதன் மூக்கைக் கடக்கிறது என்பதே முக்கியம். ஆகவே குளிர்ந்து பெருகிய நீரில் பெரிய, கனத்த ஈயை மெதுவாகவும், கோடையின் வற்றிய நீரில் சிறிய ஈயை மேலாகவும் செலுத்துகிறோம்.

கேள்வி: ஒரே மடுவில் நால்வரும் எப்படிப் பிடிப்பது?

வரிசையாக இறங்க வேண்டும். முதலாமவர் மடுவின் தலைப்பில், அதாவது மேல்முனையில், நின்று, எதிர்க்கரையை நோக்கிச் சற்றே கீழ்ச்சாய்வாக வீசி, ஈ நீரோட்டத்தில் வளைந்து தம் கரைப்பக்கம் வந்து சேரும்வரை விட்டு, ஓரிரு அடி கீழே நகர்ந்து மறுபடியும் வீச வேண்டும். அவர் போதிய தூரம் நகர்ந்த பிறகே அடுத்தவர் இறங்கலாம். மடுவின் வாலை, அதாவது கீழ்முனையை, அடைந்தவர் கரையேறி மீண்டும் தலைப்புக்குப் போக வேண்டும். ஒரே இடத்தில் ஊன்றி நிற்பவர், எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், பின்னால் வரும் எல்லோருடைய நாளையும் கெடுக்கிறார். பின்வருபவர் வேறு அளவில் ஈ கட்டினால் முன்னவர் தவறவிட்ட மீன் அவருக்குக் கிட்டலாம்.

கேள்வி: என்னிடம் 9 அடி ட்ரவுட் கோல் இருக்கிறது. அது போதுமா?

ட்ரவுட்டுக்குப் போதும். சால்மனுக்கு இரு கைகளாலும் பிடிக்கும் 13 முதல் 15 அடிக் கோல் வேண்டும். முதுகுக்குப் பின்னால் மரமும் மேட்டுக்கரையும் நிற்கும் இந்த ஆற்றங்கரையில்தான், நூலைப் பின்னே பறக்கவிடாமல் நீரின் பிடிமானத்திலிருந்தே எறியும் ஸ்பே வீச்சு உருவானது. அந்த வீச்சில் இரு வகை உண்டு: காற்று நீரோட்டத்துக்கு எதிராக அடித்தால் ஒற்றை ஸ்பே, நீரோட்டத்தோடு அடித்தால் இரட்டை ஸ்பே என்று தேர்ந்துகொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் முள் உங்கள் முகத்துக்கே வரும்.

கேள்வி: மீன் தொட்டதும் கோலை உயர்த்துகிறேன், ஒவ்வொரு முறையும் தப்பிவிடுகிறது.

அது ட்ரவுட் பழக்கம். மிதக்கும் ஈயை எடுத்த ட்ரவுட்டுக்கு உடனே கோலை உயர்த்த வேண்டும். சால்மனோ ஈயைக் கவ்வித் திரும்ப நேரம் கேட்கிறது. நூல் இறுகி, நூல் சுற்றிய உருளை சுழன்று, பாரம் தெரிந்த பிறகே கோலை உயர்த்துங்கள்.

கேள்வி: பிடித்த சால்மனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் எல்லா சால்மனையும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். தூண்டிலில் பிடித்ததை விற்பதற்கோ 2002 முதல் தடை உள்ளது. செப்டம்பருக்கான விதியைப் பீட்டில் கேட்டறியுங்கள். ஆயினும் 2023-இல் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு, எல்லாவற்றையும் விட்டுவிடுவதே முறை என்பது என் கருத்து. பின்னோக்கி நிற்கும் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளையும் முடிச்சில்லாத வலையையும் பயன்படுத்துங்கள். படம் எடுக்க விரும்பினால், நண்பர் கேமராவை ஆயத்தம் செய்து முடிக்கும்வரை மீன் நீருக்குள்ளேயே, தலை நீரோட்டத்தை எதிர்த்தபடி இருக்கட்டும்.