மிரட்டி வாங்கிய ராஜினாமாக் கடிதம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். டர்பனில் ஒரு கிடங்கில் 11 ஆண்டுகளாகச் சரக்குக் கணக்கு எழுதிவந்தேன். சரக்கு குறைகிறதென்று சொல்லி மேலாளர் என்னை ஓர் அறையில் உட்காரவைத்தார். அவர்களே தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் போலீசில் ஒப்படைப்பேன் என்றார். பயந்து போட்டுவிட்டேன். கடிதத்தில் என் பெயரிலேயே எழுத்துப் பிழை இருக்கிறது. அன்று மாலையே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். 41 நாட்கள் ஆகின்றன. நீயே விலகியதால் வழக்குப் போட முடியாது என்கிறார்கள். திரும்ப அங்கே வேலைக்குப் போக மனமில்லை. வக்கீல் வைக்கவும் வசதியில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழக்குப் போட முடியும். ஆனால் இனி ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, பணிநீக்கம் நடந்த 30 நாட்களுக்குள் சிசிஎம்ஏ எனப்படும் சமரச நடுவர் ஆணையத்தில் முறையீடு செய்திருக்க வேண்டும். உங்களுக்கு 11 நாட்கள் கடந்துவிட்டதால், முறையீட்டுடன் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துக் கொடுங்கள். எத்தனை நாள் தாமதம், ஏன், வழக்கில் உங்கள் பக்கம் எவ்வளவு வலுவானது, இரு தரப்புக்கும் இதனால் என்ன பாதிப்பு என்பவற்றை ஆணையர் எடைபோடுவார். "பயமாக இருந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், அந்த நாட்களில் யாரிடம் போய் என்ன கேட்டீர்கள் என்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. அதன் நகலை முதலில் நிறுவனத்துக்குக் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியை இணைக்க வேண்டும்.

உங்கள் வழக்கின் உயிர் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. வழக்கமான பணிநீக்க வழக்கில், நீக்கியது நியாயம் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் இருக்கும்போதோ, அது உண்மையில் பணிநீக்கமே என்பதை முதலில் நீங்கள் காட்டியாக வேண்டும். விசாரணைக்கு வா என்று அழைத்ததற்குப் பயந்து விலகியிருந்தால் இது கடினம். விசாரணையே இல்லாமல், கையெழுத்தைத் தவிர வேறு வழியே இல்லாதபடி செய்திருந்தால் நிலைமை வேறு. கடிதத்தில் உங்கள் பெயரே ஓர் எழுத்துப் பிழையோடு அச்சாகியிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தன் பெயரைத் தானே பிழையாக எழுதி யாரும் ராஜினாமா செய்வதில்லை, சகோதரி. அந்த நகலைப் பத்திரப்படுத்துங்கள். அன்று மாலை அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். எத்தனை மணிக்கு அறைக்குள் போனீர்கள், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை இன்றிரவே எழுதி வையுங்கள்.

1894இல் முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, டர்பனில் காந்தியிடம் வந்து நின்ற ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம் நம்மவர். காந்தி அவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கினார். அதன் பிறகே நீதவானிடம் போனார். தொழிலாளர் பக்கம் நிற்கும் வக்கீலின் வேலை இன்றும் இதுதான் என்று நான் நம்புகிறேன். விசாரணை அறையில் பேசுவதைவிட, அதற்கு முன் சான்றைத் திரட்டுவதிலேயே எங்கள் நேரம் அதிகம் போகிறது, போகவும் வேண்டும்.

வக்கீல் இல்லையே என்று கலங்க வேண்டாம். சமரசக் கட்டத்தில் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. அது தோற்று நடுவர் விசாரணைக்குப் போகும்போது, நடத்தை காரணமான பணிநீக்கங்களில் வக்கீல் வர மறுதரப்பும் ஆணையரும் சம்மதிக்க வேண்டும், அல்லது வழக்கின் சிக்கலைப் பார்த்து ஆணையர் அனுமதிக்க வேண்டும். உங்கள் மீது சரக்குக் குறைவைச் சுமத்துவதால் நிறுவனம் இந்த விதியை எடுத்துக்காட்டலாம். நீங்கள் சங்க உறுப்பினராக இருந்தால் சங்க அலுவலர் இரு கட்டங்களிலும் உங்களுடன் வரலாம். வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்று பேசும் வக்கீலிடம் போனால், 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கட்டணம் அவருடைய வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கையோ, கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

வேலைக்குத் திரும்ப மனமில்லாததால் நீங்கள் கேட்கக்கூடியது நட்ட ஈடு. அது அதிகபட்சம் 12 மாதச் சம்பளம். எடுக்காத ஆண்டு விடுப்புக்கான பணம் இதில் சேராது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

போலீஸ் மிரட்டலைப் பொறுத்தவரை, அவர்கள் புகார் கொடுத்தாலும் உங்கள் தொழிலாளர் முறையீடு அதனால் தடைபடாது. போலீஸ் அழைத்தால் பணிவாகப் போங்கள். பேசாமல் இருக்கும் உரிமையும் வக்கீலைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நிறுவனம் இன்னொரு தாளை நீட்டினால், அதை வீட்டுக்கு எடுத்துவந்து யாரிடமாவது காட்டுங்கள்.