பழைய லேப்டாப்புக்கு ரேமா, எஸ்எஸ்டியா? கேள்வி பதில்

மதுரையில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். பழைய மெஷினை வேகமாக்குவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி. ஹார்டு டிஸ்க் சுற்றும் தட்டில் ஃபைல்களைச் சேமிப்பது, எஸ்எஸ்டி அதே வேலையைச் சிப்பில் செய்வது. கையில் இருக்கும் காசை எதில் போடுவது என்று தெரியாமல் நிறைய பேர் தவறான பொருளை வாங்கி வந்து நிற்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விளக்கமாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தேனி, பி.காம் மாணவி): அண்ணா, அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் இது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சு முடிச்சாலும் டெஸ்க்டாப் வர மாட்டேங்குது. கடையில ரேம் போடச் சொல்றாங்க. ஏதாவது ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு.

பதில்: ரேம் வேண்டாம் தங்கச்சி, எஸ்எஸ்டி போடுங்கள். அதற்கு முன் நீங்களே ஒன்று பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் திணறும் நேரத்தில் அதில் மெமரி, டிஸ்க் இரண்டுக்கும் நேராக உள்ள சதவீதத்தைப் பாருங்கள். மெமரி 60, 70-இல் நின்று டிஸ்க் 100-ஐ விட்டு இறங்காமல் இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் வகையாக இருக்கும். ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகிறது. படிக்க வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அந்த ஊசி தடம் விட்டுத் தடம் நகரும் நேரம் தனி. எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஃபைலை எடுக்க சுமார் 15 மில்லி செகண்ட், அதாவது நொடிக்கு அறுபது எழுபது ஃபைல்தான். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. 0.1 மில்லி செகண்டில் எடுத்துக் கொடுத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ரேம் நிரம்பும்போது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில்தான் கொண்டுபோய் வைக்கிறது. ஆகவே எஸ்எஸ்டி போட்டால் ரேம் குறைவாக இருக்கும் வலியும் பாதி குறைந்துவிடும். ரேம் கூட்டினால் மெதுவான டிஸ்கின் வலி அந்த அளவுக்குக் குறையாது. பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே மாட்டும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி போதும். அடுத்த முறை காசு சேரும்போது இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம்): சார், இன்டெல் 4-ஆம் தலைமுறை ஐ3 லேப்டாப். டிடிஆர்3 8 ஜிபி ரேம் வாங்கி நானே மாட்டினேன். சரியா உட்கார்ந்தது, ஆனா டிஸ்ப்ளேயே வரல. போர்டு போயிடுச்சா?

பதில்: பதற வேண்டாம், போர்டு போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் வாங்கியது டிடிஆர்3. உங்கள் மெஷின் கேட்பது டிடிஆர்3எல். இரண்டுக்கும் 204 தங்கக் கோடுகள் (பின்), விளிம்பில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில், அதனால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். 4-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் பெரும்பாலும் 1.35-ஐத்தான் கொடுக்கின்றன. ரேம் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பிசி3 என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பிசி3எல் என்று இருக்க வேண்டும். டிடிஆர்3எல் ரேம் பழைய 1.5 வோல்ட் மெஷினிலும் ஓடும் என்பதால், சந்தேகம் வந்தால் எல் உள்ளதையே வாங்குவது நல்லது.

மாட்டும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால் அதன் கனெக்டரை எடுத்துவிடுங்கள். ரேமைச் சாய்வாகப் பிடித்து, தங்கக் கோடுகள் அநேகமாக மறையும்வரை உள்ளே தள்ளி, அப்புறம் கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி, மளிகை மொத்த வியாபாரம்): தம்பி, கடை கணக்கு பூரா டேலியில இருக்கு. எஸ்எஸ்டிக்கு மாத்தினா டேட்டா போயிடுமோன்னு பயமா இருக்கு. அப்படியே காப்பி எடுத்து மாத்த முடியுமா?

பதில்: முடியும் அண்ணாச்சி, அதற்கு க்ளோன் என்று பேர். உங்கள் பயமும் நியாயமானதுதான். ஒரு ஆசிரியையின் லேப்டாப் என்னிடம் வந்தது. டிஸ்கிலிருந்து லேசாக டிக் டிக் என்று சத்தம். மெதுவாக இருக்கிறது, எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள் என்று மட்டும்தான் கேட்டார். நான் நேராக க்ளோன் போட்டேன். பாதிக்கு மேல் ஓடி நின்றது. அந்த டிஸ்க் மறுபடி எழவே இல்லை. அவர் மகள் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. அந்தத் தப்பு என்னுடையது. முதலில் படங்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் க்ளோனில் கை வைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து என் வரிசை மாறவில்லை. முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்கின் நிலையைப் பார்ப்பேன். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் டிஸ்க் கெட ஆரம்பித்திருக்கிறது. எந்த நிறமாக இருந்தாலும் முக்கியமான ஃபோல்டர்களை முதலில் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுவேன், அதன் பிறகுதான் க்ளோன். நீங்கள் டேலியின் டேட்டா ஃபோல்டரை இரண்டு இடத்தில் எடுத்து வையுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போடுவதாக இருந்தால் டேலி லைசென்ஸை முன்கூட்டியே சரண்டர் செய்துவிடுங்கள், அது அந்த மெஷினோடு கட்டப்பட்டது. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் அதன் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். மாற்றிய பிறகும் பழைய டிஸ்கை ஒரு மாதம் அழிக்காமல் பீரோவில் வைத்திருங்கள்.

கேள்வி (கோவை): எம்.2 ஸ்லாட் ஒண்ணு காலியா இருக்கு. என்விஎம்இ வாங்கலாமா?

பதில்: எம்.2 என்பது சின்ன கார்டு மாட்டும் ஸ்லாட்டின் வடிவம், என்விஎம்இ என்பது சாட்டாவை விட வேகமான எஸ்எஸ்டி வகை. ஸ்லாட் எம்.2 என்பதாலேயே என்விஎம்இ எடுக்கும் என்று சொல்ல முடியாது. சில பழைய மாடல்களில் அது சாட்டா மட்டும் எடுக்கும், சிலவற்றில் வைஃபை கார்டுக்கானது. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை போகும். ஆனால் பிரவுசர், வேர்டு, எக்செல் என்று ஓடும் மெஷினில் அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கு அதிகம் தெரியாது. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வருவதுதான் பெரிய தாண்டல்.

கேள்வி (திருச்சி): எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கு. 8 ஜிபி ரேம். குரோம்ல இருபது டேப், கூட ஜூம் மீட்டிங்னா திக்குது. ரேம் விலை கேட்டா தலை சுத்துது.

பதில்: உங்களுக்கு ரேம்தான் வேண்டும். 2025 கடைசியில் விலை கடுமையாக ஏறியது உண்மை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். பழைய ரேம் வாங்க நான் தயங்க மாட்டேன். எஸ்எஸ்டி போல எழுத எழுதத் தேயும் பொருள் அல்ல அது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கழற்றிய ரேம் கிடைக்கும். வாங்கி வந்த அன்றே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள், ஒரு பிழை காட்டினாலும் மாற்றிவிடுங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ரேம் இருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு அது நல்ல லாபம்.

கேள்வி (விழுப்புரம்): ரேம் போர்டோடவே சால்டர் பண்ணியிருக்கு, கூட்ட வழி இருக்கா?

பதில்: காலி ஸ்லாட் இல்லையென்றால் இல்லை. பென்டிரைவை ரேமாக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): 2 டிபி எஸ்எஸ்டி சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல வருதே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாதிரி ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு, 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றிய சிப், எடைக்கு ஒரு இரும்புத் துண்டு. எழுதிக்கொண்டே போனால் பழைய ஃபைல்களின் மேலேயே எழுதும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டுங்கள். முழுக் கொள்ளளவையும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுபோச்சாமே. என்னுடையது 6-ஆம் தலைமுறை ஐ5. இதுக்கு மேல செலவு பண்றது வீண்தானா?

பதில்: வீண் இல்லை ஐயா. 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது, சரிதான். விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். ஆனால் உங்கள் ஐ5 இன்னும் நல்ல பிராசசர். எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் கட்டுரை எழுத, படிக்க, வீடியோ பார்க்க எல்லாம் சரளமாக ஓடும். தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. நாளை வேறு லேப்டாப் வாங்கினாலும் இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வெளி டிஸ்காக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஈரோடு): எஸ்எஸ்டி போட்டேன், பறக்குது. ஆனா அரை மணி நேரம் கழிச்சு மறுபடி மெதுவாகுது.

பதில்: அடிப்பாகம் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், உங்கள் ஊர்ப் பஞ்சுத் தூசிக்கு இன்னும் அதிகம். திறந்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தட்டி ஊதுங்கள். பிராசசர் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் துடைத்துவிட்டு, சிறிதளவு புதிதாக வையுங்கள்.