ஜிங்க் பிளேட்டிங் போட்ட ஈ.என்.24 ஸ்டட் ஏன் சீக்கிரம் உடைகிறது?

பிளேட்டிங் இல்லாத ஈ.என்.24 (ஒரு வகை அலாய் ஸ்டீல்) ஸ்டட் (தலையில்லாத மரையாணி) தாங்குகிறது, ஜிங்க் போட்டது மட்டும் பிரஸ்ஸில் மரையின் அடியில் உடைகிறது, ஆனால் லேபில் 30 ஹெர்ட்ஸ் ஃபெடீக் டெஸ்டில் (நொடிக்கு 30 முறை சுமை ஏற்றி இறக்கும் சோதனை) இரண்டும் ஒரே மாதிரிதான் வந்தன என்கிறீர்கள். கடினம் வேறு 42 எச்.ஆர்.சி. (ராக்வெல் சி அளவு); இவ்வளவு கடினமான ஸ்டீலை ஹைட்ரஜன் எளிதில் நொறுங்க வைக்கும். நான் முதலில் சந்தேகப்படுவது ஹைட்ரஜனைத்தான்.

ஆசிட்டில் கழுவும்போதும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள் போகிறது. மேலே படியும் ஜிங்க் அதை எளிதில் வெளியே விடாது. சுமை ஏறும்போது, இழுவிசை அதிகமுள்ள விரிசல் நுனிக்கு அது நகர்ந்து சேரும். நகர நேரம் வேண்டும் இல்லையா? 30 ஹெர்ட்ஸில் அது கிடைக்காது. நிமிடத்துக்குச் சில அடி அடிக்கும் பிரஸ்ஸில் தாராளமாகக் கிடைக்கும், ஒவ்வொரு அடிக்கும் விரிசல் கூடுதலாக நீளும். வேகமான டெஸ்டில் பாஸானதற்கு இங்கே மதிப்பில்லை. 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டச் சொல்லுங்கள்.

உடைந்த முகத்தை எஸ்.இ.எம்.மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) பாருங்கள். கற்கண்டை உடைத்தாற்போல் முகம் முகமாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் பேக்கிங் (ஹைட்ரஜனை வெளியேற்றச் சூடாக்குவது) செய்கிறார்களா என்று கேளுங்கள். மறுநாள் போட்டால் போதும் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குள் விரிசல் விழுந்திருந்தால் பேக்கிங் அதை ஒட்டவைக்காது.

என்னைக் கேட்டால் ஜிங்க் ஃப்ளேக் கோட்டிங்குக்கு (ஜிங்க் செதில்கள் கலந்த பூச்சு) மாறிவிடுங்கள். அதில் மின்பூச்சுத் தொட்டியே இல்லை. ஆசிட்டுக்குப் பதில் ஷாட் பிளாஸ்டிங்கில் (சிறு உருண்டைகளை வேகமாக வீசி அடிப்பது) சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.