ஆக்ஸிடோசின் ஸ்பிரே வாங்கலாமா?
சிங்கப்பூர் தெம்பனிஸிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: 5 வயது மகனுக்கு ஆட்டிசம், மற்ற பிள்ளைகளோடு சேரவே மாட்டேன் என்கிறான், இணையத்தில் விற்கும் ஆக்ஸிடோசின் (மனிதரோடு ஒட்டிப் பழகுவதோடு தொடர்புள்ள ஹார்மோன்) மூக்கு ஸ்பிரேயை வாங்கிப் பார்க்கலாமா?

வாங்காதீர்கள் அக்கா. அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரையுள்ள ஆட்டிசம் உள்ள 290 பிள்ளைகளை வைத்து இந்த ஸ்பிரேயை 24 வாரம் சோதித்தார்கள், 2021-ல் முடிவு வந்தது. மருந்தில்லாத வெறும் ஸ்பிரே போட்டவர்களுக்கும் ஆக்ஸிடோசின் போட்டவர்களுக்கும் பழகும் திறனில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. ஆக்ஸிடோசின் 9 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி, ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதும் மிகக் கொஞ்சம்தான். அதனால்தான் ஹார்மோனையே கொடுக்காமல், மூளையில் அது போய் ஒட்டும் ஏற்பியை நேராகத் தொடும் மாத்திரைகளையும் தேடுகிறார்கள். ரோஷ் என்ற மருந்து நிறுவனத்தின் பாலோவாப்டன் இதே பாணியில் வந்த வேறொரு மாத்திரை. ஆனால் அது ஆக்ஸிடோசினின் ஏற்பியை அல்ல, அதன் நெருங்கிய உறவான வாசோபிரசின் என்ற ஹார்மோனின் ஏற்பியை அடைக்கும். பெரியவர்களிடம் நடந்த 3-ஆம் கட்டச் சோதனை பலன் தெரியாமல் 2020-ல் நின்றது. ஆனால் 2019-ல் ஸ்டான்ஃபோர்டில் 30 பிள்ளைகளிடம் நடந்த சிறிய ஆய்வில், அதே வாசோபிரசினை மூக்கு வழியாகக் கொடுத்தபோது பழகும் திறன் கூடியிருக்கிறது! அடைப்பதா, கூட்டுவதா என்பதே இன்னும் தீராத கேள்வி.

சரி, இப்போதைக்கு? 6 வயதுக்குள் பேச்சுப் பயிற்சியும் ஆரம்பகாலத் தலையீடும் கிடைக்கப் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை கேளுங்கள், இந்த வாரமே.