பூச்செடி வைத்தும் பட்டாம்பூச்சி தங்குவதில்லை, வேறு என்ன செடி வைக்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு வாங்கித் தோட்டம் போட்டிருக்கிறீர்கள், பூவும் நிறையப் பூக்கிறது, ஆனால் பட்டாம்பூச்சி ஒரு வாய் தேன் குடித்துவிட்டுப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பூ இருந்தால் பசியாற வரும். பிள்ளை பெற வேறு செடியைத் தேடிப் போகும். அப்படி ஒரு செடி பெரும்பாலும் நம் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது: கறிவேப்பிலை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடிவந்த முதல் கோடையில், கறிவேப்பிலைக் கன்றின் தளிரில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டேன், நகர்ந்தது. புழு என்று தெரிந்ததும் மருந்தடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆயா பார்த்துவிட்டு, "ஏன்ப்பா கொன்னுட்ட? மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு மழைக்குத் தழைஞ்சிடும்" என்றார். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அடுத்த கோடையில் காத்திருந்து பார்த்தேன். கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளி போட்ட பெரிய பட்டாம்பூச்சி ஒன்று இலை இலையாக உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டியது. காலால்தான் அது ருசி பார்க்கிறது. சரியான செடி என்று தெரிந்ததும் வயிற்றை வளைத்து, தளிரில் ஒரே ஒரு முட்டை. கசகசாவை விடச் சற்றுப் பெரிசு, இளமஞ்சள். அப்புறம் அடுத்த தளிருக்குப் போய்விட்டது.

சின்னப் புழு எச்சம் போலவே இருப்பதால் பறவை ஏமாறும். வளர்ந்ததும் பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடும். அப்போது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீளும், கூடவே ஒரு வாடை வரும். பிறகு பட்டு நூலால் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கூடு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும், கட்டிய இடத்தைப் பொறுத்தது.

ஊரில் எலுமிச்சை அழகி என்போமே, அதற்கு நெருங்கிய சொந்தம் இது. இந்த மண்ணின் பூச்சிதான். நம்மவர்கள் 1860இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்குவதற்கு வெகு காலம் முன்பே, இங்குள்ள காடுகளில் எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைத் தின்று வாழ்ந்தது. கறிவேப்பிலையும் அதே குடும்பம் என்பதால் ஏற்றுக்கொண்டது. இந்நாட்டின் தென்மேற்கே, கேப் பக்கத்தில் சோம்புச் செடியையும் தின்னும். இலையின் வாசனை எண்ணெயும் அதற்கு ஓர் அடையாளம். நமக்குத் தாளிப்பில் மணக்கும் அதே எண்ணெய், பிள்ளைக்குச் சோறு இங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்கிறது.

தேனுக்கு நீலச் சித்திரமூலம் வையுங்கள். இந்த நாட்டுச் செடி, நீண்ட குழல் பூ, இந்தப் பட்டாம்பூச்சியின் நீள உறிஞ்சுகுழலுக்குப் பொருத்தம். அதன் மொட்டுகளில் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகள் முட்டையும் இடும். உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். பட்டாம்பூச்சி மொய்க்கும் என்பது உண்மைதான், ஆனால் இங்கே அது பரவிக் காட்டை அழிக்கிற செடி, சட்டப்படியும் வளர்க்கக் கூடாது.

முடிந்தால் கறிவேப்பிலையில் இரண்டு கன்று வையுங்கள், ஒன்று சமையலுக்கு, ஒன்று அவற்றுக்கு. இரண்டிலும் மருந்தடிக்க வேண்டாம். சமையல் மரத்தில் புழு இருந்தால் அந்தக் கொத்தை ஒடித்து மற்றதில் செருகிவிடுங்கள், தானே ஏறிக்கொள்ளும்.