மின்பொறியிலிருந்து வெளிவரும் கதிர் ஆற்றலைச் சேகரிக்க முடியுமா?

முடியும், ஆனால் மிகமிகக் கொஞ்சம்தான். இரண்டு உலோக முனைகளுக்கு நடுவில் உள்ள காற்றைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாய்வதுதான் மின்பொறி. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். அந்தப் பாய்ச்சல் சட்டென்று எழுந்து அடங்குவதால் ரேடியோ அலைகள் கிளம்புகின்றன. நாம் பிடிக்கப் பார்க்கும் கதிர் ஆற்றல் இந்த அலைகள்தான். சுவிட்சை அணைக்கும்போது பழைய மீடியம் வேவ் ரேடியோ 'டிக்'கென்று கரகரக்குமே, அது இதனால்தான்.

1887-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் இந்த அலையைப் பிடித்துக் காட்டினார். மின்பொறியிலிருந்து தள்ளி வைத்த கம்பி வளையத்தின் நுண்ணிய இடைவெளியில் ஒரு குட்டிப் பொறி. அதைச் சரியாகப் பார்க்கவே இருட்டுப் பெட்டி தேவைப்பட்டது! எவ்வளவு அழகான சோதனை.

ஏன் இவ்வளவு குறைவு? கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பம், வெளிச்சம், சத்தம் என்று போய்விடுகிறது. மிச்சமும் நாலாபக்கமும் சிதறுகிறது. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது தெறிப்பதைக் கிண்ணத்தில் ஏந்துவது போலத்தான். சில துளிகள் கிடைக்கும், குழாயில் வந்ததைவிட அதிகம் கிடைக்காது.

கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லா 1901-ல் கதிர் ஆற்றலைப் பயன்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றதால், பொறியில் இலவச மின்சாரம் ஒளிந்திருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அந்தக் காப்புரிமை பேசுவதோ, உயரத்தில் வைத்த உலோகத் தகட்டில் சூரிய ஒளி போன்ற கதிர்கள் பட்டு மின்தேக்கியில் மின்னூட்டம் சேர்வதைப் பற்றி.