வேலையை விடும் முன் கீமோ அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: என் 6 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.). முதல் மாத கீமோ முடிந்திருக்கிறது. நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 9 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் 34,000 ரூபாய் சம்பளம். கணவர் சொந்த டாக்சி ஓட்டுகிறார். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் வேலையை விடச் சொல்கிறார்கள். விட்டுவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள்.

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். உங்களைப் போல வந்து நிற்கும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, மருத்துவச் செலவு யாருடைய இன்சூரன்ஸில் போகிறது என்பதைத்தான். அது உங்கள் ஆபீஸ் குரூப் பாலிசி என்றால், ராஜினாமா செய்ததும் மகனுக்கான காப்பீடும் போய்விடும். அப்புறம் தனி பாலிசிக்குப் போனால், ஏற்கெனவே உள்ள நோய் என்று 3 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். விண்ணப்பத்தையே மறுக்கவும் செய்யலாம். சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாலும் காப்பீடு தொடருமா என்று எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. இந்தச் சிகிச்சை மொத்தம் இரண்டு, இரண்டரை வருடம் போகும். ஆனால் எல்லா மாதமும் இதே பாரம் இருக்காது. முதல் ஆறு, எட்டு மாதம்தான் கடுமை: அடிக்கடி ஊசி, கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இறங்குவது, அட்மிஷன். அதன்பின் வரும் 'மெயின்டனன்ஸ்' கட்டத்தில் தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து, இடையிடையே ரத்தப் பரிசோதனை. பல பிள்ளைகள் பள்ளிக்கே திரும்பிவிடுகிறார்கள். இன்றைக்கு இருக்கும் களைப்பை வைத்து இரண்டரை வருடத்துக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டு, மெயின்டனன்ஸ் வந்ததும் வேலை தேடி அலைந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மனசு தாங்கவில்லை.

அதனால் டாக்டரிடம் அடுத்த கட்டங்களின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் வேலையின் தேதிகளோடு சேர்த்து ஒரே காலண்டரில் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் மாதம் முழுக்க ஒரே நெருக்கடி இல்லையே. வரி வேலைகளுக்குத்தான் கெடு: 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டுவது, 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல், 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல். இந்த மூன்றுக்கும் ஒரு சக ஊழியரை இப்போதே பழக்கிவிட்டால், உங்களுக்கும் நிம்மதி, மேலாளருக்கும் பயம் இருக்காது. எங்கள் வார்டில் ஓர் அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து பில் என்ட்ரி போடுவார். டிரிப் மெஷின் பீப் அடிக்கும்போது மட்டும் தலை நிமிரும். அவர் முன்கூட்டியே பேசி, வாரம் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் எங்கிருந்தும் வேலை என்று வாங்கியிருந்தார்.

தனியார் வேலையில் பிள்ளையின் நோய்க்கென்று சட்டப்படி தனி விடுப்பு கிடையாது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு; உங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே மேலாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்குவதுதான் வழி. "எனக்குக் கொஞ்சம் உதவுங்கள்" என்று எழுதாதீர்கள். எத்தனை மாதத்துக்கு, எந்தெந்தக் கிழமை, என்ன வேலையை எங்கிருந்து முடிப்பீர்கள் என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பேசலாம் என்றும் சேருங்கள். 9 வருட அனுபவம் உள்ளவரை இழக்க எந்த நிறுவனமும் எளிதில் விரும்பாது.

காய்ச்சலைப் பற்றியும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். கீமோ பிள்ளைக்கு 100.4 டிகிரி தொட்டால் அது அவசரம். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான். அது நள்ளிரவிலும் வரும், 20-ஆம் தேதியும் வரும். 'காய்ச்சல், கிளம்புகிறேன்' என்று ஒரே ஒரு மெசேஜ் போதும் என மேலாளரோடு இன்றே பேசி வையுங்கள். ஃபைலும் மாற்றுத் துணியும் கதவருகே ஒரு பையில் தயாராக இருக்கட்டும்.

பணத்துக்கு, பிஎஃப் கணக்கிலிருந்து குடும்பத்தாரின் புற்றுநோய் சிகிச்சைக்கென முன்பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டாம். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெற்றோர் ராஜினாமாவுக்கு முன் இன்னும் யோசிக்க வேண்டும். பிள்ளையின் சிகிச்சைக்கான உரிமையே அந்த வேலையோடு வருவது.

நோய் திரும்பினாலோ, எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டாலோ கணக்கு மாறும். அப்போது நீண்ட விடுப்பு கேளுங்கள், கிடைக்காவிட்டால் விடுவதைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய கேள்வியில் கணவர் டாக்சி ஓட்டுகிறார் என்பதோடு நின்றுவிடுகிறார். அவருடைய நேரம் அவர் கையில் இருக்கிறது. முதுகில் ஊசி போடும் நாட்களை அவர் பொறுப்பில் விடுங்கள். ஊசிக்குப் பிறகு பிள்ளை கொஞ்ச நேரம் தலையைத் தூக்காமல் படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்க அப்பாவால் நன்றாகவே முடியும்.